உடைந்த வளையல்களின் ராஜ்யம்

சிற்பம் பார்க்கப் பிரயாணம் என்றால் நம்மவர்களுக்குக் கோயில்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அதில் பிசகொன்றும் இல்லை. ஆனால் கோயிலும் அல்லாமல், அரண்மனையும் அல்லாமல், கூரை வேய்ந்த காட்சிசாலையும் அல்லாமல், வெட்டவெளியில் மரத்துக்கும் புல்லுக்கும் நடுவே சிலைகளை நிறுத்தி வைத்து, "வாருங்கள், சுற்றிப் பாருங்கள், கால் வலித்தால் மரத்தடியில் உட்காருங்கள்" என்று ஜனங்களை அழைக்கும் இடங்களும் உலகத்தில் பல இருக்கின்றன. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்கு வடக்கே 1960-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட ஸ்டார்ம் கிங் பூங்கா அப்படிப்பட்டது. ஜப்பானில் ஹகோனே மலைப் பிரதேசத்தில் 1969-இலும், இங்கிலாந்தில் யார்க்ஷயர் நாட்டுப்புறத்தில் 1977-இலும் இதே மாதிரியான சிற்பப் பூங்காக்கள் திறக்கப்பட்டன. ஆளுயரத்துக்கும் யானையுயரத்துக்கும் வெண்கலமும் எஃகும் புல்வெளியில் நிற்கும். மழைக்காலத்தில் ஒரு முகமும் வெயில் காலத்தில் இன்னொரு முகமுமாக அவை காட்சி தரும்.

எல்லாம் பார்க்கத் தகுந்தவையே. ஆனால் குடும்பத்தோடு ஆகாய விமானம் ஏறிச் சமுத்திரம் தாண்டுவது எல்லோராலும் ஆகிற காரியமா? ரயில் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய சிற்பப் பூங்கா ஒன்று நம் தேசத்திலேயே இருக்கிறது. பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் பொதுத் தலைநகராக விளங்கும் சண்டிகர் நகரத்தில், ஸுக்னா ஏரிக்குப் பக்கத்தில், சுமார் 40 ஏக்கர் விஸ்தீரணத்தில் அது பரந்து கிடக்கிறது. 'ராக் கார்டன்', அதாவது பாறைத் தோட்டம் என்று அதற்குப் பெயர்.

மேலே சொன்ன அயல்நாட்டுப் பூங்காக்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இதை எந்தச் சீமானும் பணம் போட்டு ஏற்படுத்தவில்லை. எந்தச் சர்க்காரும் திட்டம் தீட்டிக் கட்டவில்லை. சர்க்காருக்குத் தெரியாமல், சர்க்கார் நிலத்தில், சர்க்கார் சிப்பந்தி ஒருவர் தம்முடைய இரண்டு கைகளால் ஆரம்பித்தது இது. அந்த விருத்தாந்தத்தைத் தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே நிற்கும் சிலைகள் நம்மோடு பேசும்.

சிலை வைக்கக் கூடாத நகரம்

1947-இல் பஞ்சாப் இரண்டு துண்டானபோது பழைய தலைநகரமாகிய லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியாவில் எஞ்சிய பஞ்சாபுக்குத் தலைநகரே இல்லை. சிவாலிக் மலையடிவாரத்தில் புதிதாக ஒரு நகரத்தைக் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அதை வகுத்துக் கொடுக்கும் பொறுப்பு 1951-இல் லெ கார்பூஸியே என்ற ஜகப்பிரசித்தி பெற்ற கட்டடக் கலைஞரிடம் வந்து சேர்ந்தது.

கார்பூஸியே கோடு கிழித்தால் கிழித்ததுதான். வீதிகள் நேராக ஓடவேண்டும். பேட்டைகளுக்குப் பெயர் கிடையாது. ஸெக்டார் ஒன்று, ஸெக்டார் இரண்டு என்று எண்தான். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தோப்பு என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அந்த நகரத்துக்கென்று அவர் எழுதி வைத்த சாஸனத்தில் மற்றொரு விதியும் கண்டிருக்கிறது. நகரத்திலோ அதன் பூங்காக்களிலோ தனி மனிதர்களுக்குச் சிலை வைக்கலாகாது. யாரையாவது ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டுமானால் வெண்கலத் தகட்டில் பெயரைப் பொறித்துக்கொள்ளலாம் என்பது அதன் தாத்பரியம். நம்முடைய ஊர்களின் நாற்சந்திகளை ஒரு தடவை மனக்கண்ணால் பார்த்துக்கொண்டால், அந்த விதியில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே தோன்றும்!

நகரம் எழும்பிற்று. ஆனால் வெற்று நிலத்தில் எழும்பவில்லை. ஏற்கனவே அங்கே கிராமங்கள் இருந்தன. வீடுகளும் கிணறுகளும் மாட்டுத் தொழுவங்களும் இருந்தன. அவற்றில் பல இடிபட்டன. இடித்த இடத்தில் ஓட்டுத் துண்டும் பானைச் சில்லும் குவிந்தன. போதாததற்குப் புதிய கட்டடங்களிலிருந்து வெளியே எறிந்த உடைந்த பீங்கானும், ஒடிந்த குழாயும், காலியான தார்ப் பீப்பாய்களும் மலைமலையாகச் சேர்ந்தன. புது நகரத்தின் படத்தில் இவற்றுக்கு இடம் இல்லை. குப்பையை யார் படத்தில் வரைவார்கள்?

சாலை இன்ஸ்பெக்டர்

அந்தக் குப்பையைப் பார்த்து ஒருவருடைய மனம் மட்டும் சும்மா இருக்கவில்லை. மராமத்து இலாகாவில் சாலை இன்ஸ்பெக்டராக வேலை பார்த்த நேக் சந்த் என்பவர் அவர். 1924-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் பிறந்தவர். அவர் பிறந்த கிராமம் பஞ்சாபின் ஷகர்கர் தாலுகாவைச் சேர்ந்தது. பிரிவினையில் அந்தத் தாலுகா எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வீடு வாசல் நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் குடும்பம் இந்தப் பக்கம் வந்தது. புது நகரம் கட்ட ஆள் வேண்டியிருந்த அந்தச் சமயத்தில் நேக் சந்துக்குச் சண்டிகரில் உத்தியோகம் கிடைத்தது.

பகலில் சாலை போடுவதை மேற்பார்வை செய்வார். வேலை முடிந்ததும் ஸைக்கிளில் ஏறிக்கொள்வார். ஆற்றுப் படுகைகளுக்கும் மலையடிவாரத்துக்கும் போய்த் தண்ணீர் அரித்த கற்களைப் பொறுக்கிக் கொண்டுவருவார். ஒரு கல்லைப் பார்த்தால் பறவை மாதிரி இருக்கும். மற்றொன்று குந்தி உட்கார்ந்திருக்கும் கிழவன் மாதிரி இருக்கும். பிறகு இடிந்த கிராமங்களின் குப்பைமேடுகளுக்குப் போய்ச் சில்லுகளையும் தகரங்களையும் சேர்ப்பார். இப்படி 1957, 58-ஆம் வருஷங்களில் ஆரம்பித்த சேகரம் வருஷக் கணக்கில் நடந்தது. நகரத்தின் வட எல்லையில், கட்டடம் எதுவும் எழும்பக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த காட்டு நிலத்தில், மரங்கள் மறைத்த ஒரு பள்ளத்தில் குடிசை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அங்கே அடுக்கினார்.

1960-களின் நடுவில் அந்தப் பொருள்களைக் கொண்டு உருவங்கள் செய்யத் தொடங்கினார். ஒன்று, பத்தாயிற்று, பத்து, நூறாயிற்று. பெண்கள் வந்தார்கள், வாத்தியக்காரர்கள் வந்தார்கள், குரங்கும் குதிரையும் மயிலும் வந்தன. அவர்கள் குடியிருக்க முற்றங்கள் வேண்டுமல்லவா? முற்றங்கள் வந்தன. முற்றங்களுக்குச் சுவர்கள் வந்தன. சிறு பிராயத்தில் கேட்ட ராஜா ராணிக் கதைகளில் வரும் ராஜ்யம் ஒன்று, மனித சஞ்சாரமற்ற அந்தப் பள்ளத்தில், எவருக்கும் தெரியாமல் முளைத்துக்கொண்டிருந்தது. சொந்த ஊரை இழந்த மனிதர் ஒருவர், ஊரை இழந்த மற்ற ஜனங்களின் வீட்டுச் சில்லுகளை எடுத்து ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தார் என்றும் சொல்லலாம்.

இந்த இரகசியம் மிகச் சிலருக்கே தெரிந்திருந்தது. நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவியிலிருந்த எம். என். சர்மா அவர்களில் ஒருவர். சட்டப்படி பார்த்தால் அவர் அன்றைக்கே அதைத் தடுத்திருக்க வேண்டியவர். பார்த்ததும் அவர் பிரமித்துப் போனார். காரியத்தை ஓசைப்படாமல் நடத்திக்கொண்டு போகும்படி யோசனை சொல்லிவிட்டுத் திரும்பினார். கலையறிவுள்ள உத்தியோகஸ்தர்கள் சில சமயம் கண்ணை மூடிக்கொள்வதாலும் தேசத்துக்கு நன்மை விளைவது உண்டு!

வழக்கும் தீர்ப்பும்

1970-களின் நடுவில் குட்டு வெளிப்பட்டது. காட்டில் நுழைந்து பார்த்த அதிகாரிகள் திகைத்தார்கள். ஏக்கர் கணக்கில் முற்றங்கள், நூற்றுக்கணக்கில் சிலைகள்! சிலை கூடாதென்ற நகரத்தில், கட்டடம் கூடாதென்ற காட்டில், அனுமதி இல்லாமல், அதுவும் சர்க்கார் சம்பளம் வாங்கும் ஒருவர் செய்த வேலை.

இங்கே நேயர்கள் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவேண்டும். அதிகாரிகள் பக்கத்தில் நியாயம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஒதுக்கிய காட்டில் இன்று ஒருவர் சிலை வைத்தால் நாளைக்கு இன்னொருவர் வீடு கட்டுவார். மறுநாள் மூன்றாமவர் கடை போடுவார். காடு போய்விடும். விதி என்பது எல்லோருக்கும் பொது. இதெல்லாம் உண்மை. ஆனால் நேக் சந்த் அங்கே தமக்கென்று வீடு கட்டிக்கொள்ளவில்லை. மரத்தை வெட்டி விற்கவில்லை. ஒரு சிலையைக்கூட விலைக்குக் கொடுக்கவில்லை. தாம் செய்ததை யாரும் பார்க்கவேண்டும் என்றுகூட அவர் வற்புறுத்தவில்லை. பொது நிலத்தைத் தம் நிலமாக்கிக் கொள்கிறவனுக்கும், தம் உழைப்பைப் பொது நிலத்தில் கொட்டுகிறவனுக்கும் பேதம் இல்லையா?

ஜனங்கள் அந்தப் பேதத்தைக் கண்டுகொண்டார்கள். செய்தி பரவியதும் பார்க்க வந்தவர்கள் சிலையை இடிக்கக்கூடாது என்றார்கள். சர்க்காரும் இடிக்கவில்லை. அவரைத் தண்டித்துச் சிலைகளை அகற்றுவது ஒரு வழி. காணாததுபோல் இருந்துவிடுவது மற்றொரு வழி. இரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்றை அவர்கள் கண்டுபிடித்தார்கள். 1976-இல் தோட்டத்தைப் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். சாலை வேலையிலிருந்து நேக் சந்தை விடுவித்து, அந்தத் தோட்டத்தையே கட்டும் உத்தியோகத்தைக் கொடுத்து, உதவிக்கு 50 வேலையாட்களையும் கொடுத்தார்கள். உடைந்த பீங்கானும் கந்தல் துணியும் வாங்கிச் சேர்க்க நகரத்தில் சேகர நிலையங்கள் ஏற்பட்டன. குற்றவாளிக்கு விலங்கு மாட்டாமல் சம்பளம் கொடுத்த வழக்கு உலகத்தில் அதிகம் இராது.

1983-இல் தோட்டத்துச் சிற்பம் ஒன்று இந்தியத் தபால் தலையில் இடம் பெற்றது. 1984-இல் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 2015-ஆம் வருஷம் ஜூன் மாதம், 90 வயதில் காலமாகும் வரையில் அவர் அந்தத் தோட்டத்துக்காகவே வாழ்ந்தார்.

உள்ளே போனால்

தோட்டத்து வாசல்கள் தாழ்ந்தவை. எத்தனை பெரிய மனிதராயினும் குனிந்துதான் நுழையவேண்டும். பிறகு குறுகலான பாதை. அது எங்கே போகிறதென்று தெரியாது. சட்டென்று ஒரு திருப்பம், ஒரு முற்றம், அதில் ஒரு கூட்டம் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நேர்கோட்டு நகரத்தில் நடந்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கோணல் வழிகளே பெரிய ஆறுதல்.

முதல் பகுதி மிகப் பழையது. இங்கேதான் ஆற்றுக் கற்கள் இருக்கின்றன. அவற்றில் உளி படவில்லை. தண்ணீரும் காலமும் செதுக்கியதை நேக் சந்த் எடுத்து மேடையில் நிறுத்தினார், அவ்வளவுதான். தோட்டத்துக்குப் பாறைத் தோட்டம் என்று பெயர் வந்ததும் இவற்றால்தான். கற்களைத் தாண்டினால் மனிதர்களும் மிருகங்களும் வரிசை வரிசையாக வருவார்கள். தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்கள் ஓர் அணி. அவர்களுடைய சேலை முழுவதும் உடைந்த கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும் நீலமுமாக வெயிலில் மின்னும். தேநீர்க் கோப்பைச் சில்லுகளால் சட்டை போட்ட ஆண்கள் இன்னோர் அணி. ஸைக்கிள் ஸீட்டு ஒன்று மிருகத்தின் தலையாக மாறியிருக்கும். ஸைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவைக் கம்பி அதன் கால்களாக மாறியிருக்கும். சுவர் ஒன்றில் வரிசையாகப் பதித்திருப்பது ஏதோ வெள்ளைப் பூவேலை என்று எண்ணிக் கிட்டப் போய்ப் பார்த்தால், அத்தனையும் மின்சாரப் பியூஸ் கட்டைகள்! குளியலறைப் பீங்கானும் கழிப்பிடப் பீங்கானும்கூட இங்கே கௌரவமான ஸ்தானம் பெற்றிருக்கின்றன. முன்ஜன்ம விருத்தாந்தத்தை அங்கே யாரும் விசாரிப்பதில்லை.

செய்முறை எளிது. உருவத்தின் உள்ளே இரும்புக் கம்பியோ பழைய ஸைக்கிள் சட்டமோ எலும்புக்கூடாக இருக்கும். அதன்மேல் ஸிமெண்டுக் கலவையைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சில்லுகளை அழுத்திப் பதித்துவிடுவார்கள். வெட்டவெளியில் நிற்கும் சிலைக்கு இது பொருத்தமான வேலை. வெயிலிலும் மழையிலும் சாயம் வெளிறிவிடும். மெருகிட்டுச் சுட்ட பீங்கானும் கண்ணாடியும் வெளிறுவதில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்பு பதித்த வளையல் துண்டு இன்றைக்கும் நிறம் மாறாமல் இருப்பதன் இரகசியம் இதுதான். ஆனால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஸிமெண்டில் கீறல் விட்டு உள்ளே ஈரம் புகுந்தால் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து நெருக்கி ஸிமெண்டைப் பிளந்துவிடும். ஆகையால் இந்தச் சிலைகளைக் கட்டிவிட்டால் மட்டும் போதாது. வருஷந்தோறும் பார்த்துப் பழுது தீர்க்க ஆள் வேண்டும்.

இரண்டாவது பகுதியில் பாறைச் சுவர்களும் நீர்வீழ்ச்சிகளும் சிறு கிராமம் ஒன்றும் உண்டு. மூன்றாவது பகுதி மிக விசாலமானது. உயர்ந்த வளைவுகளில் ஊஞ்சல்கள் தொங்கும். குழந்தைகளுக்கென்று போட்டதாகச் சொல்வார்கள், பாட்டிமார்களும் ஆடுகிறார்கள்! கந்தல் துணியால் செய்த பொம்மைகளுக்கு ஒரு காட்சிசாலையும் இருக்கிறது.

தனித்தனிச் சிலையாகப் பார்த்தால் சிலவற்றில் கையும் காலும் கணக்குக்கு ஒத்துவராது. சிற்ப சாஸ்திரம் படித்தவர்கள் முகம் சுளிக்கக்கூடும். இங்கே கூட்டமாகத்தான் பார்க்கவேண்டும். முகங்கள் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் எந்த இரண்டும் ஒன்றல்ல. திருவிழாவில் நிற்கும் ஜனத்திரளைப் பார்ப்பதுபோல் சற்றுத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அப்புறம் கிட்டப் போய் ஒவ்வொருவராகக் குசலம் விசாரிக்கலாம்.

ஆஸ்லோ நகரத்து ஒப்பந்தம்

சர்க்காருக்கு ஒளித்துக் கட்டிய தோட்டத்தின் அருமை தெரியவேண்டுமானால், நகரசபையே முன்வந்து கட்டிக்கொண்ட தோட்டம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நார்வே தேசத்தின் தலைநகரமாகிய ஆஸ்லோவில் அப்படி ஒன்று இருக்கிறது. குஸ்டாவ் விகெலாண்ட் என்ற சிற்பி 1869-இல் பிறந்து 1943-இல் காலமானவர். அவர் குடியிருந்த வீட்டை நகரசபை வேறு காரியத்துக்காக இடிக்கவேண்டி வந்தது. அதன் பயனாக 1921-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. நகரசபை அவருக்கு வசிக்கவும் வேலை செய்யவும் பெரியதொரு மாளிகை கட்டிக்கொடுக்கும். அதற்குப் பதிலாக அவர் தம்முடைய படைப்புகளையெல்லாம் நகரத்துக்கே கொடுத்துவிடுவார்.

என்ன அழகான வியாபாரம்! இதனால் அந்த நகரத்துக்கு 200-க்கு மேற்பட்ட சிலைகளைக் கொண்ட பூங்கா கிடைத்தது. வெண்கலத்திலும் கருங்கல்லிலும் பிறப்பு முதல் மூப்பு வரை மனித வாழ்க்கை முழுவதும் அங்கே நிற்கிறது. நடுமேட்டில் ஒரே கல்லாலான ஸ்தம்பம். அதில் ஒருவர்மேல் ஒருவராக 121 உருவங்கள். கல் தச்சர்கள் மூவர் 1929-இல் ஆரம்பித்து சுமார் பதினான்கு வருஷம் செதுக்கினார்கள். பாலத்தின்மேல் காலைத் தரையில் உதைத்துக்கொண்டு அழும் சின்னப் பையன் ஒருவனுடைய வெண்கலச் சிலை இருக்கிறது. வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு அவனுடைய கை பளபளவென்று ஆகிவிட்டது. அந்தப் பூங்காவில் நுழையக் கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் போகலாம்.

விகெலாண்டுக்கு நகரமே எஜமானாக இருந்தது. நேக் சந்துக்கு எஜமான் இல்லை. ஒருவருக்கு முதலில் ஒப்பந்தம், பிறகு சிலை. மற்றவருக்கு முதலில் சிலை, பல வருஷம் கழித்து அனுமதி. எந்த முறை சிறந்தது என்று கேட்டால், தூங்குவதற்கு முதலாவது முறையே சிறந்தது என்பேன். ஒப்பந்தம் இருந்தால் நாளைக்கு யார் வந்து இடிப்பார்களோ என்ற பயம் இராது. அந்தப் பயம் சண்டிகர்த் தோட்டத்தை விட்டபாடில்லை.

இடிக்க வந்த கதை

தோட்டத்துக்குப் பக்கத்திலேதான் ஹைக்கோர்ட்டு இருக்கிறது. 1980-களின் இறுதியில், அங்கே போகும் பெரிய மனிதர்களின் வண்டிகளுக்காகத் தோட்டத்தின் ஊடே சாலை போடவேண்டும் என்று ஒரு யோசனை கிளம்பிற்று. இடிக்கும் இயந்திரங்களும் வந்தன. அவற்றுக்கு முன்னால் நகரத்து ஜனங்கள் கைகோத்து நின்றார்கள். இயந்திரங்கள் திரும்பிப் போயின.

1996-இல் நேக் சந்த் வெளிநாட்டுக்குப் போயிருந்த சமயம் தோட்டத்தில் காவலும் பராமரிப்பும் குறைந்தன. விஷமிகள் புகுந்து சிலைகளைச் சேதப்படுத்தினார்கள். கட்டியவர் ஒருவர் கண்ணுக்கு மறைந்தால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்தது. 1997-இல் நேக் சந்த் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. அதன் மூலம் அயல்நாடுகளிலிருந்துகூடத் தொண்டர்கள் வந்து தங்கள் கையால் சில்லு பதித்துப் பழுது பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

2025-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பழைய கதை திரும்பி வந்தது. ஹைக்கோர்ட்டுப் பக்கம் சாலையை அகலமாக்கவும் வண்டிகளை நிறுத்தவும் இடம் வேண்டுமென்று, தோட்டத்து மூன்றாம் பகுதியை ஒட்டிய சுவரில் ஒரு பாகம் இடிக்கப்பட்டது. சுவரைத் தள்ளிக் கட்டித் தருவதாக நிர்வாகத்தார் சொன்னார்கள். ஆயினும் நகரத்து ஜனங்கள் கூடித் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தார்கள். வண்டி நிறுத்த இடம் வேண்டியதுதான். நீதி கேட்டு வருகிறவர்கள் எங்கேயாவது வண்டியை நிறுத்தத்தானே வேண்டும்? ஆனால் ஒரு சுவருக்கு ஈடாக மற்றொரு சுவரைக் கட்டிவிடலாம் என்பது செங்கல் சுவருக்குத்தான் பொருந்தும். உடைந்து போனதை ஒருவர் தேடி எடுத்துச் சேர்த்துக் கட்டியதை மறுபடியும் உடைத்தால், அந்தச் சில்லுகளைப் பொறுக்க இன்னொரு நேக் சந்துக்கு எங்கே போவது?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அதே ஸெக்டார் ஒன்றில் கார்பூஸியே வகுத்த ஹைக்கோர்ட்டும் சட்டசபையும் தலைமைக் காரியாலயமும் 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒரு கல்லை அசைப்பதானாலும் இனி உலகம் கேள்வி கேட்கும். பாறைத் தோட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டளை போட்டுக் கட்டிய நகரத்துக்குக் காகிதக் காவல் உண்டு; கட்டளையை மீறிக் கட்டிய தோட்டத்துக்கு ஜனங்களின் அபிமானம் ஒன்றே காவல்.

போகிறவர்களுக்கு

டில்லியிலிருந்து சண்டிகருக்கு அதிவேக ரயில் உண்டு. மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை போவது உசிதம். டிசம்பர், ஜனவரியில் நம் தென்னாட்டு உடம்புக்குக் கம்பளி அவசியம். கோடையில் போனால் சிலைகளைப் பார்ப்பதைவிடத் தண்ணீர்ப் பானையைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் சொற்பம். அவசரப்படாமல் பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும் சமயம் நல்லது. வளையல் சேலைகள் அப்போதுதான் ஜ்வலிக்கும். பாதை ஒரே திக்கில் போவதால், பின்னால் திரும்பிப் பார்க்கலாம் என்று எதையும் ஒத்திப்போட வேண்டாம். குறுகலான இடங்களில் கூட்டம் நெருக்கும். குழந்தைகளின் கையை விடக்கூடாது. சிலைகளைத் தொடவும் கூடாது. ஆயிரம் கைகள் பட்டால் வெண்கலம் பளபளக்கும். ஸிமெண்டில் பதித்த சில்லு உதிர்ந்துவிடும்.

அன்று மாலையே கார்பூஸியேயின் கட்டடங்களையும் போய்ப் பார்க்கவேண்டும். அடையாளச் சீட்டைக் காட்டினால் வழிகாட்டியோடு அழைத்துப் போவார்கள். அங்கே 'திறந்த கை' என்ற மாபெரும் உலோகச் சிற்பம் நிற்கிறது. 26 மீட்டர் உயரம். காற்றடிக்கும் திக்குக்கெல்லாம் திரும்பும். கொடுப்பதற்கும் பெற்றுக்கொள்வதற்கும் விரித்த கை என்பது அதன் கருத்து. கார்பூஸியே 1965-இல் காலமான பிறகு, இருபது வருஷம் கழித்து 1985-இல்தான் அது எழுந்தது. நகரத்தை வகுத்த மேதை தாம் விரும்பிய ஒரு சிற்பத்தைக் கண்ணால் காண முடியவில்லை. அவரிடம் அனுமதி கேளாத சாலை இன்ஸ்பெக்டரோ அதற்குள் ஆயிரக்கணக்கில் சிலைகளை நிறுத்திவிட்டார்! இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் சண்டிகரைப் பார்த்ததாகும்.

குழந்தைகளை அவசியம் அழைத்துப் போகவேண்டும். இயந்திரம் வந்தபோது குறுக்கே போய் நின்றவர்கள் கலை விமரிசகர்கள் அல்லர். தங்கள் ஊரில் இப்படி ஒன்று இருக்கிறதே என்று பெருமைப்பட்ட சாதாரணக் குடும்பத்தினர். பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பெருமை வரும். தூரத்திலிருக்கும் நாமும் ஒரு முறை பார்த்துவிட்டால், அடுத்த தடவை அந்தச் சுவரைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கும்போது அது வேற்றூர்ச் சமாசாரமாகத் தோன்றாது.

ஒரே ஓர் எச்சரிக்கை. அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த குழந்தைகள் வீட்டில் எதையும் எறிய விடமாட்டார்கள். உடைந்த கோப்பை, ஒற்றை வளையல், எரிந்து போன பல்பு எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். அம்மாமார்கள் தயவு செய்து உடனே துடைப்பத்தை எடுக்கவேண்டாம். இரண்டு நாள் பொறுத்திருந்து, உள்ளே என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளலாம்.